களிம்பும் கலையும்: ஜப்பானியரின் வாட்காப்புகள்

செம்பில் ஏறும் களிம்பு தமிழர்க்கு நன்கு பழகிய உவமை. உயிரைப் பற்றி நிற்கும் மாசினை விளக்கவந்த சைவ சித்தாந்த ஆசிரியர்கள் செம்பையும் களிம்பையும் எடுத்துக் காட்டினர். இல்லத்திலும் களிம்பு வேண்டப்படாத பொருளே. செம்புப் பாத்திரம் சற்று மங்கினாலும் புளியிட்டுத் துலக்கிப் பளபளக்கச் செய்வது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். ஆனால், அதே களிம்பை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, தம் கைவினைப் பொருளை அதில் மூழ்கச் செய்து அழகு கண்டவர்களும் உலகில் உண்டு. அவர்களே ஜப்பான் நாட்டு உலோகக் கலைஞர்கள். அவர்கள் செய்தளித்த சிறு தகடுகள் இன்று உலகின் பெரிய காட்சிச்சாலைகளில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. அவற்றைச் சேர்ப்போர் முதலில் கற்க வேண்டிய பாடம், எதனைத் துலக்கக்கூடாது என்பதாகும்.

வாட்காப்பு என்பது யாது?

ஜப்பானிய வாளின் அலகிற்கும் கைப்பிடிக்கும் இடையே ஓர் உலோகத் தகடு உண்டு. அதனை அந்நாட்டார் ‘ட்சுபா’ என்பர். தமிழில் ‘வாட்காப்பு’ எனலாம். குத்தும்போது பிடித்த கை அலகின்மீது வழுக்காமல் காப்பதும், பகைவன் வாளினின்று விரல்களைக் காப்பதும், வாளின் எடை கைக்கு இசைய நிற்கத் துணைசெய்வதும் இதன் வேலை. பெரும்பாலும் 6 முதல் 8 சென்டிமீட்டர் அகலமுடையது, உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் அலகின் காம்பு நுழைய ஒரு துளை இருக்கும். அதன் இருபுறமும் வேறு துளைகள் இருப்பதும் உண்டு. உறையின் பக்கத்தில் செருகிவைக்கும் சிறு கத்தியும், தலைமயிரைத் திருத்தும் ஊசியும் தடையின்றி வெளிவர அமைந்தவை அவை.

வாட்காப்புடன் கைப்பிடியின் இரு முனைகளுக்கும் பூண்கள் உண்டு. கைப்பிடியைச் சுற்றிய நாடாவின் அடியில் சிறு உருவங்களும் வைக்கப்படும். இவையெல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. ஆகவே ஒரே வாளுக்குக் காலத்திற்கும் விழாவிற்கும் ஏற்ப அணிகளை மாற்றிக்கொள்ள முடிந்தது. வாளைப் பிரிந்து வாட்காப்பு தனிப்பொருளாய் வாழ இவ்வமைப்பே வழிசெய்தது.

போரில் பிறந்தது, அமைதியில் வளர்ந்தது

பழைய வாட்காப்புகளுள் பல இரும்பாலானவை. அடித்து நீட்டிய தகட்டில் உருவங்களை ஊடறுத்து எடுத்தனர். ஒரு கொக்கு, ஒரு மலர், ஒரு சக்கரம் என எளிய வடிவங்களே அவற்றின் அணி. 15-ஆம் நூற்றாண்டில், அஷிகாகா யோஷிமாசா என்னும் படைத்தலைவரின் ஆதரவில் கோட்டோ யூஜோ என்பவர் பொன்னும் கலப்புலோகமும் கொண்டு வாளணிகள் செய்தார். அவர் தொடங்கிய கோட்டோ மரபு 17 தலைமுறை நீடித்தது. ஆட்சியாளரின் விழாவாள்களுக்கு அணிசெய்யும் உரிமை அக்குடும்பத்தாரைச் சார்ந்திருந்தது.

1603-இல் தொடங்கிய தோக்குகாவா ஆட்சி 1868 வரை நின்றது. அந்நெடுங்காலத்தின் பெரும்பகுதி போரின்றிக் கழிந்தது. சாமுராய் வீரர் இரு வாள்களை இடையில் அணிந்தே நடந்தனர். ஆனால், அவற்றை உருவ வேண்டிய தேவை அரிதாயிற்று. வாள் ஆயுதமாயிருந்த நிலை தளர்ந்து, அணிபவனின் நிலையையும் சுவையையும் காட்டும் பொருளாயிற்று. எனவே, போரில் பிறந்த வாட்காப்பு அமைதியில் அழகு பெற்றது.

இக்காலத்தே மரபினை மீறிய கலைஞரும் தோன்றினர். யோகோயா ஸோமின் (1670–1733) கோட்டோ மரபிற் பணிபுரிந்து, பின்னர் அதனின்று விலகித் தனித்து நின்றார். தூரிகையால் மையிட்டு வரையும் கோட்டின் தடிப்பையும் மெலிவையும் உளியால் உலோகத்தில் கொணர்ந்தது அவரது சிறப்பு. கோட்டின் ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் சாய்வாகவும் வெட்டும் முறையால் அதனைச் செய்தார். இத்தகையோர் அரண்மனைக்கன்றி நகரத்து மக்களுக்கும் பணிசெய்தனர். ஆதலின் கதை, நாடகம், பறவை, பூச்சி எனப் புதுப்பொருள்கள் வாட்காப்பில் இடம்பெற்றன.

வண்ணம் வந்த வகை

இக்கலையின் தனித்தன்மை வண்ணத்தில் உள்ளது. பிற நாட்டார் உலோகத்திற்கு நிறம்தரப் பூச்சினையும் எனாமலையும் நாடினர். ஜப்பானிய வாளணிக் கலைஞர் உலோகத்திலிருந்தே நிறத்தை வரவழைத்தனர்.

‘ஷாகுடோ’ என்பது செம்புடன் சிறிதளவு பொன் சேர்த்த கலவை. நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு பொன் இருப்பது பெரும்பான்மை. உருக்கி வார்த்தவுடன் அது செம்பைப் போன்றே தோன்றும். பொன் சேர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. நிறமேற்றிய பின்னரோ நீலமும் ஊதாவும் கலந்த கருமை பெறும். காக்கைச் சிறகின் மினுமினுப்பை அதற்கு உவமையாகக் கூறுவர். ‘ஷிபுயிச்சி’ என்பது செம்பும் வெள்ளியும் சேர்ந்தது. ‘நான்கில் ஒன்று’ என்பது அச்சொல்லின் பொருள். மூன்று பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்ற கணக்கிலிருந்து அப்பெயர் வந்தது. நடைமுறையில் அளவு கூடுவதும் குறைவதும் உண்டு. சாம்பல் நிறமும் பழுப்பும் கலந்த மென்மையான தோற்றம் அதனுடையது.

நிறமேற்றும் முறை வியப்புக்குரியது. வேலை முடிந்த பொருளைக் கறையின்றி நன்கு மெருகிட்டு, துருவிய வெள்ளை முள்ளங்கியில் தோய்ப்பர். பின் ‘ரோக்குஷோ’ என்னும் செம்புக் களிம்பையும் மயில்துத்தத்தையும் நீரிற் கலந்து, கொதிக்கும் அந்நீரில் அதனை மூழ்கவைப்பர். உலோகத்தின் மேற்பரப்பில் மிக நுண்ணிய படலம் ஒன்று உண்டாகும். அப்படலத்தின் பருமன் தலைமயிரின் பருமனிலும் மிகமிகக் குறைவு. ஒரே நீரில், ஒரே வேளையில், ஷாகுடோ கருமையாகும், ஷிபுயிச்சி சாம்பல் நிறமாகும், தனிச்செம்பு செம்பழுப்பாகும், பொன்னோ நிறம் மாறாது நிற்கும். எனவே, கருந்தகட்டில் பொன் நிலவையும், செம்பு இலையையும், சாம்பல் நிற மேகத்தையும் பதித்த கலைஞன், அந்நீரில் மூழ்கி எழும் வரையில் தன் ஓவியத்தின் வண்ணங்களைக் காணமுடியாது. நிறங்களை மனத்தில் கண்டே அவன் உளி பிடித்தான்.

தரைப்பகுதியை வெறுமையாக விடாமல் நுண்புள்ளிகளால் நிரப்புவதும் உண்டு. குழிந்த முனையுடைய சிற்றுளியை ஒவ்வொரு முறையும் தட்டி, மீன்சினை போன்ற மணிகளை வரிசையாக எழுப்புவர். வரிசை ஓரிடத்தில் பிறழினும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஓர் ஆணையும் அதன் விளைவும்

1868-இல் மெய்ஜி பேரரசரின் ஆட்சி நிலைபெற்றது. 1871-இல் சாமுராய் வாளின்றி வெளிச்செல்லலாம் என இசைவு அளிக்கப்பட்டது. 1876 மார்ச் 28 அன்று பிறந்த ஆணையோ வாளணிந்து பொதுவிடத்தில் நடப்பதையே தடைசெய்தது. படையினர், காவலர், விழாவுடை அணிந்த அதிகாரிகள் ஆகியோருக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. அதே ஆண்டில் சாமுராய்க்கு வழங்கிவந்த பரம்பரை ஊதியமும் பத்திரங்களாக மாற்றி முடிக்கப்பட்டது.

வாள் விற்பனைக்கு வந்தது. வாளணி செய்தோர் தொழிலிழந்தனர். பல தலைமுறையாகத் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த கைத்திறன் வாங்குவாரின்றி நின்றது. சிலர் வேறு வழி கண்டனர். கியோத்தோவில் பிறந்த கானோ நாட்சுவோ (1828–1898) புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவமமைத்தார். பின்னர்த் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியராய் விளங்கினார். ஷோவாமி கட்சுயோஷி (1832–1908) வாட்காப்பில் பயின்ற பதிப்புவேலையைப் பூச்சாடியிலும் நறும்புகைக் கலத்திலும் செய்தார். 1873-இல் வியன்னாவிலும், 1876-இல் பிலடெல்பியாவிலும், 1878-இல் பாரிசிலும் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிகளில் ஜப்பானிய உலோகவேலை புகழ்பெற்றது. அரசும் அப்பொருள்களை அயல்நாட்டிற்கு ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. போர்வீரனின் இடையில் இருந்த கலை, ஐரோப்பியரின் வரவேற்பறை மேடைக்குச் சென்று உயிர்தப்பியது.

சேர்த்தவர்கள்

பழைய வாட்காப்புகளும் அயல்நாடு சென்றன. வாளின்றித் தனித்து விற்ற அவை விலை மலிந்திருந்தன; கையடக்கமானவை; கொண்டுசெல்ல எளியவை. 1882 முதல் சில ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ திரட்டிய கலைப்பொருள்களுள் வாள்களும் வாளணிகளும் இருந்தன. அவை பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், கலை-கைத்தொழிற் காட்சிச்சாலையின் தலைவர் யூஸ்டஸ் பிரிங்க்மன் இத்துறையில் ஆர்வம் கொண்டார். அங்குப் பணியாற்றிய ஹாரா ஷின்கிச்சி என்னும் ஜப்பானிய அறிஞர், வாளணிக் கலைஞரின் பெயர்களையும் மரபுகளையும் தொகுத்து 1902-இல் ஜெர்மன் மொழியில் நூல் வெளியிட்டார்.

இதனை இழப்பென்று கூறுவாரும், காப்பென்று கூறுவாரும் உளர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. சொந்த நாட்டில் உலோக விலைக்கு உருக்கப்படவிருந்த பொருள்கள் பல, அயல்நாட்டார் கையில் பிழைத்தன. ஆனால், எந்த வாளில் இருந்தது, எவர் அணிந்தது, எந்தப் பூணோடு இணைந்தது என்னும் வரலாறு பிரிவின்போதே அழிந்தது.

துலக்கியதால் வந்த கேடு

வரலாறு அழிந்தாலும் வேலைப்பாடு எஞ்சும். அதனையும் அழிப்பது அறியாமையாற் செய்யும் துப்புரவு. கருத்த தகட்டைக் கண்டவர் அதனை அழுக்கென்று எண்ணி, பித்தளை மெருகுப் பசையிட்டுத் தேய்த்தால், சிறிது நேரத்தில் செம்பின் நிறம் வெளிப்படும். தேய்த்தவர் மகிழ்வார். ஆனால் கலைஞன் இறுதியாக இட்ட வண்ணம் அத்துடன் போயிற்று. வானமும் மேகமும் ஒரே செம்புத் தகடாகிவிடும். மீன்சினை மணிகளின் முனையும் மழுங்கிவிடும். மீண்டும் நிறமேற்ற வல்லவர் சிலர் இருப்பினும், புதிய படலம் பழைய கலைஞனின் படலம் ஆகாது.

இரும்பு வாட்காப்பிற்கும் இதுவே விதி. நெடுங்காலம் கைபட்டுத் துணிபட்டு ஏறிய கரும்பழுப்பு மேனி அதன் அழகும் பாதுகாப்பும் ஆகும். அரித்துத்தின்னும் செந்துரு வேறு. செந்துரு கண்ட இடத்தை மட்டும் எலும்பு அல்லது மான்கொம்புத் துண்டால் பொறுமையுடன் தேய்த்து எடுப்பது மரபு. கம்பிச்சுருளும் அமிலமும் ஆகா. தூய பருத்தித் துணியால் அவ்வப்போது துடைப்பதும், வியர்வைக் கை படாமல் விளிம்பில் பிடிப்பதும், அதற்கெனச் செய்த மரப்பெட்டியில் வைப்பதும் போதுமானவை.

பெயரும் போலியும்

புதிதாகச் சேர்ப்போர் முதலில் தேடுவது கலைஞனின் கையொப்பம். அனுபவமுடையோர் அதனை இறுதியிற் பார்ப்பர். புகழ்பெற்ற ஸோமினின் பெயர் பொறித்த பொருள்களுள் அவர் கைபடாதவை மிகப் பல. சிறந்த பழைய இரும்பு வாட்காப்புகள் பலவற்றிலோ பெயரே இல்லை. பெயரை யாரும் பொறிக்கலாம். உளியின் உறுதியைப் போலியாகக் காட்டுதல் அரிது.

வேறு சான்றுகளும் உள. வாளில் ஏறியிருந்த வாட்காப்பின் நடுத்துளையில் உழைப்பின் தடம் இருக்கும். வேறொரு வாளுக்குப் பொருத்தும்போது துளையின் ஓரத்தை உளியால் தட்டி நெருக்கியிருப்பர். சிறு செம்புத் துண்டுகளை இரு முனையிலும் செருகியிருப்பர். இவை குறையல்ல, அப்பொருள் வாழ்ந்ததற்குச் சாட்சி. வார்ப்பில் செய்த மலிவுப் படிகளில் உள்விளிம்புகளில் அச்சின் இணைப்புக்கோடு தெரிவதுண்டு. கூர்மையாக இருக்கவேண்டிய கோடு உருகியதுபோல் மழுங்கியிருக்கும்.

மீண்டும் தாய்நாட்டில்

1945-இல் போர் முடிந்தபின் ஜப்பானில் வாள்கள் பறிமுதலாயின. கலைச்சிறப்புடையவற்றைக் காக்க 1948-இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புக் கழகம் நிறுவப்பட்டது. வாள்களையும் வாளணிகளையும் ஆராய்ந்து சான்றளிக்கும் பணியை அது செய்துவருகின்றது. மெய்ஜி காலத்தில் ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்ட உலோகப் பொருள்களும் வீடு திரும்பின. கியோத்தோ நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கியோமிசு சன்னென்சகா காட்சிச்சாலையில், அயல்நாடுகளிலிருந்து மீண்டும் விலைகொடுத்து வாங்கிவந்த பொருள்கள் பல உள்ளன. ஒரு தலைமுறை விற்றதை மற்றொரு தலைமுறை தேடிச் சென்று மீட்டது.

ஒரு பொருளைச் சேர்ப்பவன் அதற்கு உரிமையாளன் ஆவது சில ஆண்டுகளுக்கே. அவனுக்கு முன்னும் பின்னும் வேறு கைகள் உண்டு. மூன்று நூற்றாண்டாக நிலைத்த நிறத்தை ஒரு மாலைப்பொழுதின் ஆர்வத்தில் துடைத்துவிடலாம். பழம்பொருள் ஒன்று கைக்கு வரும்போது புளியையும் பசையையும் தேடுவதற்கு முன்னே, அதன்மேல் படிந்திருப்பது மாசா, செய்தவன் இட்ட மேனியா என்று கேட்டறிதல் அறிவுடைமை. செம்பின் களிம்பு எவ்விடத்தும் குற்றமன்று. சிலவிடத்து அதுவே கலை.