இறால் ஓடு, மீன் கழிவு... வயலுக்கு எது உதவும்? எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு கிலோ இறாலைத் தலை நீக்கி உரித்தால், தலையும் ஓடுமாக ஏறக்குறைய அரைக் கிலோ கழிவாகப் போய்விடுகிறது. 2022-23-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து 7 லட்சம் டன்னுக்கு மேல் உறைய வைத்த இறால் ஏற்றுமதியானது. அப்படியென்றால் தூத்துக்குடி, கொச்சி, ஆந்திரக் கடலோரம் என இறால் பதப்படுத்தும் இடங்களில் எவ்வளவு ஓடு சேரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு பகுதி தீவனத்துக்கும் மருந்து, ரசாயனத் தொழிலுக்கும் போகிறது. மீதி குழியிலோ, ஓடையிலோ கொட்டப்பட்டு நாற்றமடிக்கிறது.

இந்தக் கழிவில் பயிருக்குத் தேவையான சத்துகளும், நோயை எதிர்க்க உதவும் இயற்கைப் பொருள்களும் இருக்கின்றன. 'கைட்டோசான்' என்ற பெயரில் உரக்கடைகளில் விற்கப்படும் தூளும் திரவமும் இந்த ஓட்டிலிருந்துதான் வருகின்றன. ஆனால் மீன் அமிலம், ஓட்டு உரம், கைட்டோசான் மூன்றும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. எதை வீட்டிலேயே தயாரிக்கலாம், எதை வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கும்போது எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொண்டால் காசும் மிச்சம், பயிருக்கும் பாதுகாப்பு.

கழிவுக்குள் என்ன இருக்கிறது?

இறால் தலை, ஓட்டைக் காயவைத்துப் பார்த்தால் அதில் மூன்று பொருள்கள் முக்கியமானவை. முதலாவது புரதம். இரண்டாவது சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட். மூன்றாவது கைட்டின் என்ற நார் போன்ற பொருள். இறாலின் இனம், பருவத்தைப் பொறுத்து இந்த அளவுகள் மாறும். நண்டு ஓட்டில் இறால் ஓட்டைவிடச் சுண்ணாம்பு அதிகம்.

இறாலை வேகவைத்ததும் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அஸ்டாசாந்தின் என்ற நிறமிதான் காரணம். கோழித் தீவனத்தில் இறால் தூள் சேர்த்தால் முட்டையின் மஞ்சள் கரு நிறம் கூடுவதும் இதனால்தான். மீனின் செதில், தோலில் கொலாஜன் இருக்கிறது. இதிலிருந்து ஜெலட்டின் எடுக்கிறார்கள். மீன் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. மீன் அமிலம் தயாராக உதவுவது இந்த நொதிகள்தான்.

கைட்டின் பயிருக்கு எப்படி உதவுகிறது?

1811-ம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பிராகோன்னோ கைட்டினை முதலில் கண்டறிந்தது இறாலில் அல்ல, காளானில். இந்தச் செய்தியில்தான் விவசாயிக்கான விஷயம் இருக்கிறது. இறால் ஓட்டில் உள்ள அதே கைட்டின்தான் பயிரைத் தாக்கும் பூஞ்சைகளின் செல் சுவரிலும், பூச்சிகளின் மேல்தோலிலும், நூற்புழு முட்டையின் ஓட்டிலும் இருக்கிறது. செடியின் உடலில் மட்டும் கைட்டின் கிடையாது.

அதனால் இரண்டு வழிகளில் நன்மை கிடைக்கிறது.

மண்ணில் நடப்பது: மட்கிய ஓட்டுத் தூளை மண்ணில் இட்டால், கைட்டினைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இவை கைட்டினைக் கரைக்கும் 'கைட்டினேஸ்' என்ற நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி ஓட்டைக் கரைப்பதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வாடல் நோய்ப் பூஞ்சையின் சுவரையும், வேர் முடிச்சு நூற்புழுவின் முட்டைகளையும் பதம் பார்க்கிறது.

செடியில் நடப்பது: கைட்டின், கைட்டோசான் துகள்கள் இலையில் பட்டதும், 'பூஞ்சை தாக்க வந்துவிட்டது' என்று செடி எடுத்துக்கொள்கிறது. உடனே தன் எதிர்ப்புச் சக்தியைத் தயார்படுத்துகிறது. பிறகு உண்மையான நோய் வரும்போது செடி ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவுடன் கைட்டினையும் சேர்த்து நெல் இலையுறை கருகல், மிளகாய் பழ அழுகல் ஆகிய நோய்களுக்கு எதிராக ஆய்வு செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ம் ஆண்டில், கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடைப் பயிர்ப் பாதுகாப்புக்கான அடிப்படைப் பொருளாக ஏற்றுக்கொண்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். நாற்றழுகல், அடிச்சாம்பல் நோய்களை உண்டாக்கும் கிருமிகள் பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும், அவற்றின் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. அங்கே கைட்டினேஸ் நொதிக்குப் பெரிய வேலை இல்லை. ஓட்டு உரம் இட்டும் நாற்றங்காலில் அழுகல் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அதற்கு வடிகால் வசதியும் விதை நேர்த்தியும்தான் முதல் மருந்து.

நீங்களே தயாரிக்கலாம் - 1: மீன் அமிலம்

இது பல விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். சந்தையில் கிடைக்கும் மீன் குடல், தலை, செவுள் எடுத்துக்கொள்ளலாம். இறால் தலையும் சேர்க்கலாம். அன்று வெட்டிய கழிவாக இருப்பது முக்கியம். குடலை நீக்கிவிட வேண்டாம், நொதி அதில்தான் இருக்கிறது.

கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து, துண்டுகளாக்கிக் கலந்து, பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி நிழலில் வைக்கவும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. 21 நாள்களில் தேன் போன்ற திரவம் பிரியும். பழ வாசனை வந்தால் சரியாகத் தயாராகியிருக்கிறது. அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் போதவில்லை என்று பொருள்.

10 லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி கலந்து மாலையில் தெளிக்கலாம். இது வளர்ச்சிக்கான தழைச்சத்தையும் அமினோ அமிலங்களையும் தருகிறது. நோய்க்கு மருந்தாக இதை நம்பியிருக்க வேண்டாம். கைட்டின் இந்தத் திரவத்தில் கரைவதில்லை, வடிகட்டிய சக்கையிலேயே தங்கிவிடுகிறது. எனவே இறால் தலை சேர்த்திருந்தால், அந்தச் சக்கையைத் தூக்கிப் போடாமல் கீழே சொல்லியிருக்கும் உரத்தில் சேர்த்துவிடுங்கள்.

நீங்களே தயாரிக்கலாம் - 2: ஓட்டு உரம்

தேவையானவை: இறால் அல்லது நண்டு ஓடு, மட்கிய தொழு உரம், டிரைக்கோடெர்மா விரிடி.

1. ஓட்டை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசவும். கடல் உப்பு மட்டுமல்ல, இறால் கறுக்காமல் இருக்கப் பதப்படுத்தும் இடங்களில் முக்கியெடுக்கும் சல்பைட் மருந்தும் இருக்கலாம். அலசிய தண்ணீரை வயலில் விட வேண்டாம்.

2. வெயிலில் நொறுங்கும் பதத்துக்குக் காயவைத்து, இடித்துத் தூளாக்கவும். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக மட்கும்.

3. 100 கிலோ தொழு உரத்துக்கு 5 கிலோ தூள், 1 கிலோ டிரைக்கோடெர்மா என்ற அளவில் கலந்து, ஈரம் தெளித்து, சாக்கால் மூடி நிழலில் வைக்கவும். டிரைக்கோடெர்மாவும் கைட்டினேஸ் சுரக்கக்கூடியது. உணவாகக் கைட்டின் கிடைத்தால் அது இன்னும் கூடுதலாகச் சுரக்கும்.

4. வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, 45 நாள்கள் கழித்து எடுக்கலாம். நெடி இருந்தால் இன்னும் மட்கவில்லை என்று அர்த்தம்.

இந்த உரத்தை நடவுக்கு இரண்டு வாரம் முன்பே குழியில் அல்லது பாரில் இட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். கைட்டினில் 7 சதவீதத்துக்கு நெருக்கமாகத் தழைச்சத்து இருக்கிறது. அது சிதையும்போது அம்மோனியா வெளிவரும். பச்சை ஓட்டுத் தூளை அதிகமாகக் கொட்டி உடனே நாற்று நட்டால், வேர் கருகிவிடும்.

தக்காளி, கத்திரி, வாழை, கொய்யா போன்ற பயிர்களில் வேர் முடிச்சு நூற்புழுத் தொல்லை உள்ள நிலங்களில் இது நல்ல துணை. வேப்பம் பிண்ணாக்கு இடுவது, ஊடுபயிராகச் செண்டுமல்லி போடுவது ஆகியவற்றோடு சேர்த்துச் செய்தால்தான் பலன் தெரியும்.

கைட்டோசான்: வீட்டில் செய்யக் கூடாது

தொழிற்சாலையில் முதலில் ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குகிறார்கள். பிறகு நீர்த்த காஸ்டிக் சோடாவில் வேகவைத்துப் புரதத்தை எடுக்கிறார்கள். மிஞ்சுவதுதான் கைட்டின். அதை 40 முதல் 50 சதவீதம் அடர்த்தியுள்ள சூடான காஸ்டிக் சோடாவில் மீண்டும் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், இறால் ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் தொழில்நுட்பத்தில் நீண்ட காலமாக வேலை செய்துவருகிறது.

இதைக் கொல்லைப்புறத்தில் செய்து பார்க்க வேண்டாம். கொதிக்கும் காஸ்டிக் சோடா ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகும். மிஞ்சும் கழிவு நீர் விழும் இடத்தில் மண்ணும் கெடும்.

வாங்கும்போது வினிகர் சோதனை

வெறும் ஓட்டுத் தூளைக் கைட்டோசான் என்று நினைத்து வாங்கி ஏமாறாமல் இருக்க, வீட்டிலேயே சின்னச் சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் அரைத் தேக்கரண்டித் தூளைப் போட்டு, 50 மி.லி வினிகர் ஊற்றிக் கவனியுங்கள்.

* உடனே நுரை பொங்கினால், சுண்ணாம்பு நீக்காத வெறும் ஓட்டுத் தூள்.

* நுரை இல்லை. மேலும் 150 மி.லி தண்ணீர் விட்டுக் கலக்கி, ஒரு நாள் வைத்தும் செதில் செதிலாக அடியில் கிடந்தால், அது கைட்டினாக இருக்கலாம்.

* சில மணி நேரத்தில் மெல்லக் கரைந்து, கஞ்சி போலக் கொழகொழப்பானால் அது கைட்டோசானுக்கான அடையாளம். இதில் ஆப்பச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டால், நுரை அடங்கியதும் வெள்ளைத் துகள்களாகத் திரியும்.

சாதாரணத் தண்ணீரிலேயே கரையும் கைட்டோசான் வகைகளும் கடையில் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. எதை வாங்கினாலும் கைட்டோசான் எத்தனை சதவீதம், தயாரிப்பாளர் யார், காலாவதி நாள் என்ன என்பதைப் பார்த்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 2021-ம் ஆண்டு முதல் உயிர் ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன. பயிர் ஊக்கி என்று விற்கும் பொருளுக்கு உரிமம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் தைரியமாகக் கேட்கலாம்.

தெளிக்கும் முறை

வினிகரில் கரையும் தூள் என்றால், 10 கிராம் தூளை 250 மி.லி வினிகர், 750 மி.லி தண்ணீர் கலவையில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, கலக்கி, துணியில் வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீராக்கித் தெளிக்கலாம். கடைத் திரவம் என்றால் லேபிளில் உள்ள அளவே சரி. முதலில் நான்கைந்து செடிகளில் தெளித்து, மூன்று நாள் பார்த்துவிட்டு வயலுக்குப் போங்கள்.

நோய் வருவதற்கு முன்பே தெளித்தால்தான் பயன். இலை கருகிய பிறகு தெளித்தால் கருகிய இலை மீளாது. போர்டோ கலவை போன்ற சுண்ணாம்பு சேர்ந்த மருந்துகளோடு கலந்தால் திரிந்து நாசிலை அடைத்துக்கொள்ளும். டிரைக்கோடெர்மாவோடு ஒரே டேங்கில் கலக்க வேண்டாம். கைட்டோசான் பூஞ்சையை அடக்கக்கூடியது, நன்மை செய்யும் பூஞ்சையையும் பாதிக்கலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

* கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம். அதில் உள்ள உப்பு மண்ணைக் கெடுத்துவிடும்.

* ஓட்டில் சுண்ணாம்பு இருப்பதால் கன்னியாகுமரி, நீலகிரி போன்ற பகுதிகளின் புளிப்பு மண்ணுக்கு இந்த உரம் பொருத்தம். ஏற்கெனவே சுண்ணாம்பும் களர்த்தன்மையும் உள்ள நிலத்தில் மண் பரிசோதனை செய்யாமல் இட வேண்டாம்.

* இறால், நண்டு சாப்பிட்டால் அரிப்பு வருபவர்கள் ஓட்டை இடிக்கும் வேலையைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

* உரக்குவியலை நாய், எலி கிளறாதபடி மூடி வையுங்கள்.

* கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பவர்கள் வண்டி வாடகை கொடுத்து ஈர ஓட்டை ஏற்றிவருவது கட்டுப்படியாகாது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அங்கேயே அலசிக் காயவைத்த ஓடு கிடைத்தால் மட்டும் வாங்கலாம். இல்லையென்றால் உள்ளூர் மீன் சந்தைக் கழிவில் மீன் அமிலம் தயாரிப்பதே லாபம்.

முதல் பருவத்தில் ஐந்து சென்ட் நிலத்தில் மட்டும் ஓட்டு உரம் இட்டு, பக்கத்தில் இடாத ஐந்து சென்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவடை முடிந்ததும் இரண்டிலும் பத்துப் பத்துச் செடிகளைப் பிடுங்கி, வேர் முடிச்சுகளை எண்ணுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த பருவத்தில் அளவைக் கூட்டலாம். மேலும் விவரங்களுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும், கடலோர விவசாயிகள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையும் அணுகலாம்.