அரை மணி நேரத்தில் திணறும் நேரலை: பழுது எங்கே, பொறுப்பு யாருக்கு?

கேமிங் லேப்டாப்பில் விளையாடிக்கொண்டே நேரலை விடுகிறீர்கள். முதல் இருபது நிமிடம் 60 எஃப்பிஎஸ் அசையாமல் நிற்கும். பிறகு 45, அப்புறம் 30. ‘லேக் அடிக்குது ப்ரோ’ என்று சாட்டில் வரத் தொடங்கும். உடனே ‘எஃப்பிஎஸ் பூஸ்டர்’ தேடுவதோ, புது லேப்டாப்புக்குப் பணம் புரட்டுவதோ வேண்டாம். பழுது எங்கே என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்பதும் தெரியும்.

மூன்று எண்களைப் பாருங்கள்

ஓபிஎஸ் ஸ்டுடியோவில் ‘ஸ்டாட்ஸ்’ என்ற பலகை உண்டு. நேரலை முழுக்க அதைத் திறந்தே வையுங்கள்.

• ரெண்டரிங் லேக் ஏறினால், கிராபிக்ஸ் சிப்பை விளையாட்டே முழுதாகப் பிடித்துக்கொண்டது என்று பொருள். விளையாட்டின் எஃப்பிஎஸ்ஸுக்கு 60 என வரம்பு வையுங்கள். நிழல், பிரதிபலிப்பு போன்ற அமைப்புகளைக் குறையுங்கள்.

• என்கோடிங் லேக் ஏறினால், வீடியோவைச் சுருக்கும் வேலை தாங்கவில்லை. அந்த வேலை சிபியு தலையில் இருந்தால், என்விடியா கார்டில் அதற்கென்றே உள்ள என்வென்க் பகுதிக்கு மாற்றுங்கள்.

• டிராப்டு ஃப்ரேம்ஸ் ஏறினால் நெட்தான் காரணம். உங்கள் திரையில் விளையாட்டு சீராக ஓடும், பார்ப்பவருக்குத்தான் திக்கும். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள், பிட்ரேட்டைக் குறையுங்கள்.

நேரம் போகப் போகக் குறைந்தால்

பெரும்பாலும் சூடுதான். பல இன்டெல் லேப்டாப் சிப்புகளுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பத்தையும் கடிகார வேகத்தையும் அருகருகே பாருங்கள். வெப்பம் உச்சியில் நிற்க, மெகாஹெர்ட்ஸ் சரிந்தால் சந்தேகமே இல்லை. மெத்தை மேல் வைக்காதீர்கள். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காற்றுத் துவாரத்தில் தூசு எடுங்கள். தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டுமென்றால், வாரண்டி உள்ளவரை சர்வீஸ் சென்டரிலேயே செய்யச் சொல்லுங்கள்.

வெப்பம் சாதாரணமாக இருந்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் குற்றம் மென்பொருளில். விளையாட்டை மூடித் திறந்தால் சரியாகிறதா என்று பாருங்கள். சரியானால், அதற்கு வந்திருக்கும் அப்டேட்டைப் போடுங்கள்.

எங்கே ஏமாறுவோம்?

‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று சொல்லும் எந்த பூஸ்டரையும் தொடாதீர்கள். அது பிரவுசரில் உள்ள லாகின் குக்கீயைத் திருடிவிட்டால், இரண்டடுக்குப் பாதுகாப்பு இருந்தும் சேனல் கைமாறும். ‘தூரத்திலிருந்தே சரிசெய்கிறோம்’ என்று அழைப்பவருக்குத் திரையை ஒப்படைக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் உரிமை

வாரண்டி உள்ள லேப்டாப்பைக் கொடுக்கும்போது, குறையை எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். ‘கேம் ஆடினா சூடாகத்தான் செய்யும்’ என்பார்கள். பூஸ்ட் வேகத்திலிருந்து இறங்குவது இயல்புதான். ஆனால் தூசு எடுத்த பிறகும், விவரக்குறிப்பில் உள்ள அடிப்படை வேகத்துக்கும் கீழே போனால் கேள்வி கேட்க இடமுண்டு. ஸ்டாட்ஸ் பலகையும் வெப்ப அளவும் தெரியும்படி எடுத்த, தேதியுள்ள வீடியோவைக் காட்டுங்கள்.

தீர்வில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் மனு செய்யலாம். குறை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும்.

நெட் குறை என்றால், நிறுவனத்தின் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். தனிநபர் புகாரைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

விளையாட்டே குறையுள்ளதா? ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். மெல்லக் குறையும் எஃப்பிஎஸ் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. எனவே புது விளையாட்டை வாங்கிய வாரத்திலேயே, ஓபிஎஸ்ஸை ஓடவிட்டு, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் சோதித்துவிடுங்கள்.