ஒரே சாட்டை, வேறு வேறு வலி

ஏசுவின் கடைசி 12 மணி நேரத்தை ரத்தம் சொட்டச் சொட்டக் காட்டிய மெல் கிப்சனின் படம் சிலரை முழங்காலிட வைத்தது, சிலரை எழுந்து வெளியே போக வைத்தது. இரண்டாம் பாகம் வரப்போகும் நேரத்தில் அந்தப் பழைய கேள்வி மீண்டும் எழுகிறது.

பொள்ளாச்சியிலிருந்து திருச்சூர் போகும் சாலை கோவிந்தாபுரத்தில் மாநிலம் மாறுகிறது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டம், முதலமடை மாந்தோப்புகள், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. இங்கிருந்து தெற்கே மூணாறு, குமுளி வரை நீளும் எல்லையோர ஊர்கள் பலவற்றிலும் இதே கதைதான். பஸ் பிடித்தால் பொள்ளாச்சி, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தால் கொல்லங்கோடு. சினிமா பார்க்கவும் இரண்டு பக்கமும் போகலாம்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் ஒரே படத்தைப் பார்ப்பதில்லை. அதை 2004-இல் உலகம் முழுவதும் நிரூபித்தது ஒரு ஏசு படம்.

மெல் கிப்சன் இயக்கிய 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' 2004 பிப்ரவரி 25 அன்று, சாம்பல் புதன்கிழமை, அமெரிக்காவில் வெளியானது. கெத்சமனி தோட்டத்தில் ஏசு கைதாவதில் தொடங்கி கல்வாரியில் உயிர் விடுவது வரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம். வசனம் அராமிக், லத்தீன், எபிரேய மொழிகளில். பெரிய ஸ்டுடியோக்கள் தயங்கின. சுமார் 3 கோடி டாலரை கிப்சனே தன் கையிலிருந்து போட்டார். அமெரிக்காவில் மட்டும் 37 கோடி டாலர் வசூல், உலக அளவில் 60 கோடிக்கு மேல். பெரியவர்களுக்கான 'ஆர்' சான்றிதழ் பெற்ற படங்களில் அமெரிக்க வசூல் சாதனையை 20 ஆண்டுகள் கையில் வைத்திருந்தது, 2024-இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வரும்வரை.

ஆனால் வசூலைவிட அதிகம் பேசப்பட்டது ரத்தம்தான். ரோமானியச் சிப்பாய்கள் ஏசுவைத் தூணில் கட்டி முதலில் பிரம்பால், பிறகு நுனியில் உலோகத் துண்டுகள் கட்டிய சாட்டையால் அடிக்கிறார்கள். காமிரா நகர மறுக்கிறது. தோல் கிழிகிறது, சதை பிய்கிறது. ஏசுவாக நடித்த ஜிம் கேவிசெலுக்குப் படப்பிடிப்பில் நிஜமாகவே சாட்டையடி விழுந்தது, தோள்பட்டை விலகியது, மின்னலும் தாக்கியது.

இதில் வேடிக்கை, நான்கு சுவிசேஷங்களிலும் சாட்டையடிக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடையாது. லூக்காவில் அந்த வரியும் இல்லை. அடித்து விடுதலை செய்வேன் என்று பிலாத்து சொல்வதோடு சரி. மீதியை கிப்சன் எங்கிருந்து எடுத்தார்? ஜெர்மன் கன்னியாஸ்திரி ஆன் கேத்தரின் எம்மரிக் கண்டதாகச் சொல்லப்படும் தரிசனங்களிலிருந்து ஒரு பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் கிளெமென்ஸ் பிரெண்டானோ அவற்றை எழுதி வைத்தார். இன்னொரு பகுதி, காயங்களைத் தியானிக்கும் பழைய கத்தோலிக்க வழக்கம். இருட்டும் வெளிச்சமும் மோதும் காட்சியமைப்புக்கு இத்தாலிய ஓவியர் கரவாஜியோ முன்மாதிரி.

பார்த்தவர்கள் பிரிந்தார்கள். கண்ணீர் விட்டதாகச் சொன்ன பில்லி கிரஹாம் ஒரு பக்கம். அமெரிக்க சர்ச்சுகள் தியேட்டர்களை மொத்தமாக புக் செய்து சபை மக்களை பஸ்களில் கூட்டிச் சென்றன. தான் பார்த்ததிலேயே வன்முறை மிகுந்த படம் இதுதான் என்று எழுதிய விமர்சகர் ரோஜர் ஈபெர்ட் அதற்கு நான்கு நட்சத்திரமும் கொடுத்தார். அதே வன்முறையைக் கண்ட நியூயார்க்கர் பத்திரிகையின் டேவிட் டென்பியோ, ஏசு போதித்த அன்பு கொடூரத்தில் மூழ்கி, வெறுப்பாக மாறும் ஆபத்து இருப்பதாக எழுதினார். இருவரும் ஒரே சாட்டையைத்தான் பார்த்தார்கள்.

யூதர்கள் பார்த்தது வேறு. கூச்சலிடும் கூட்டத்தையும் சிலுவையில் அறையக் கோரும் குருமார்களையும் கண்டபோது அவர்களுக்கு நினைவு வந்தது பல நூற்றாண்டுப் பழி. ஐரோப்பாவில் பாடுகளின் நாடகம் நடந்த புனித வாரங்களில் யூதர்கள் தாக்கப்பட்ட வரலாறு உண்டு. 'ஏசுவைக் கொன்றவர்கள்' என்ற பழியை யூத இனத்தின் மீது சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வாடிகன் சங்கம் 1965-இல் அறிவித்தது. 1988-இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் இத்தகைய நாடகங்களுக்கு வழிகாட்டுக் குறிப்புகளே வெளியிட்டார்கள். கிப்சன் படம் அந்தப் புண்ணைக் கீறிவிடும் என்று யூத அமைப்பின் தலைவர் ஆபிரகாம் ஃபாக்ஸ்மன் எச்சரித்தார். ரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று கூட்டம் கத்தும் மத்தேயு வசனம் படத்தில் ஒலிக்கிறது, ஆனால் சப்டைட்டிலில் இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு நடந்த மாற்றம் அது. இத்தனைக்கும் மரியாளாக நடித்த ருமேனிய நடிகை மாயா மார்கன்ஸ்டர்ன் ஒரு யூதப் பெண்.

முஸ்லிம் உலகில் இன்னொரு திருப்பம். ஏசு சிலுவையில் அறையப்படவில்லை என்பது குர்ஆனின் நிலை. நபிகளைத் திரையில் காட்டுவதும் ஏற்கப்படுவதில்லை. ஆனாலும் அரபு நாடுகள் பலவற்றில் படம் திரையிடப்பட்டுக் கூட்டம் சேர்ந்தது. ரமல்லாவில் யாசர் அரஃபாத்துடன் படம் பார்த்த அவருடைய உதவியாளர் அதைத் தன் மக்களின் துயரத்தோடு ஒப்பிட்டார். மலேசியாவோ கிறிஸ்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று சொல்லி சர்ச்சுகள் மூலம் டிக்கெட் விற்க அனுமதித்தது.

இந்தியாவில் படத்துக்குக் கிடைத்தது 'ஏ' சான்றிதழ். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைத்தவர்களுக்கு வழியில்லை. பெரியவர்கள் போனார்கள். கேரளத்துக் கத்தோலிக்கருக்குத் திரையில் வந்த மரியாள் புதியவள் அல்ல. ஜெர்மானிய ஏசு சபைத் துறவி அர்ணோஸ் பாதிரி 18-ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய 'புத்தன் பான'யில் மகனின் உடலைப் பார்த்துத் தாய் புலம்பும் பகுதியைப் புனித வாரத்தில் வீடுகளில் உட்கார்ந்து பாடுவார்கள். பெரிய வெள்ளியன்று மலையாற்றூர், வாகமண் குருசுமலை என்று சிலுவை சுமந்து மலையேறுவார்கள். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அதே நூற்றாண்டில் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியாரின் 'வியாகுலப் பிரசங்கம்' இருக்கிறது. தவக்காலத்தில் அதை ஒப்பாரி ராகத்தில் வாசித்தால் கேட்பவர் கண் கலங்கும். இப்படி வளர்ந்தவருக்கு கிப்சன் படத்தில் தெரிவது சாட்டை அல்ல, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் தாய். விழுந்த மகனை நோக்கி அவள் ஓடும் காட்சியில் அவர் அழுகிறார்.

பக்கத்து சீட்டில் இருக்கும் இந்து நண்பர்? ரத்தம் அவருக்கும் புதிதல்ல. கோவிந்தாபுரத்துக்கு அருகே, எல்லைக்கு இந்தப் பக்கம் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் குண்டம் இறங்குகிறார்கள். பழநிக்கு அலகு குத்திப் போகிறார்கள். ஆனால் அங்கே உடலை வருத்திக்கொள்பவன் பக்தன், அதுவும் தானே நேர்ந்துகொண்டு. கடவுளே அடிபடும் கதையும் தமிழனுக்குத் தெரியும். வைகைக் கரையை அடைக்கப் பிட்டுக்கு மண் சுமந்த சிவனைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன், அரசி, ஊர், உலகம் எல்லோர் முதுகிலும் விழுந்தது என்கிறது திருவிளையாடல். ஒரே ஒரு அடிதான். ஆனால் கூலியாள் யார், ஏன் வந்தான், அடி ஏன் எல்லோருக்கும் வலித்தது என்பதெல்லாம் கேட்பவனுக்கு முன்பே தெரியும்.

கிப்சன் படம் அதைச் சொல்வதில்லை. மலைப்பிரசங்கமும் கடைசி இராவுணவும் சில நொடிகள் மின்னி மறைகின்றன. நோயாளிகளைத் தொட்ட ஏசு, பசித்தவர்களுக்கு உணவு கொடுத்த ஏசு எங்கும் இல்லை. கதை தெரிந்தவர் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறார். தெரியாதவர் கண்ணில் படுவது, ஏன் என்று புரியாமல் ஒரு மனிதன் இரண்டு மணி நேரம் அடிவாங்குவது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அலட்சியமும் அல்ல, அவநம்பிக்கையும் அல்ல.

நம் ஊர் ஏசு படங்கள் இதை உணர்ந்திருந்தன. 1973-இல் பி.ஏ. தாமஸ் எடுத்த மலையாள 'ஜீசஸ்' படத்தில் சலோமியாக ஆடியவர் ஜெயலலிதா. 'பாசமலர்' தந்த ஏ.பீம்சிங் தொடங்கிய தெலுங்குப் படம் 'கருணாமயுடு' அவர் மறைந்த 1978-இல் வெளியானது. விஜயசந்தர் ஏசுவாக நடித்த அந்தப் படம் பல மொழிகளில் டப் செய்யப்பட்டு, மிஷன் குழுக்களின் புரொஜக்டர்களில் கிராமம் கிராமமாகப் போனது. பிறப்பிலிருந்து தொடங்கி, பாட்டோடு கதை சொல்லி, மனிதரை அறிமுகப்படுத்திய பிறகே சிலுவைக்கு வந்தது. மண் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பல மதத்தினர்.

புண்படுவது ரத்தத்தால் அல்ல என்பதற்கு எல்லையின் இரு பக்கமும் சாட்சி உண்டு. கேரளத்தில் பி.எம்.ஆண்டனியின் 'கிறிஸ்துவின்றெ ஆறாம் திருமுறிவு' நாடகம் 1986-இல் எதிர்ப்பைச் சந்தித்துத் தடைசெய்யப்பட்டது. ஏசுவை ஆசாபாசங்கள் உள்ள மனிதராகக் காட்டியதே குற்றம். 2006-இல் 'தி டாவின்சி கோட்' படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. அந்தப் படத்தில் ஏசுவுக்கு மனைவி இருந்தாள் என்பதுதான் பிரச்சினை. சதை பிய்ந்த ஏசுவைத் தாங்கிக்கொண்டவர்களால் குடும்பஸ்தர் ஏசுவைத் தாங்க முடியவில்லை.

கிப்சனும் ஒரு பாடம் கற்றார். ரத்தம் அதிகம் என்று புகார் வந்ததும் 2005-இல் சுமார் ஐந்து நிமிடக் கொடூரத்தை வெட்டி மறுபடி வெளியிட்டார். வசூல் சொற்பம். பிடித்தவர்களுக்குக் குறைத்தது தேவைப்படவில்லை, பிடிக்காதவர்களுக்கு அது போதவில்லை.

அடுத்த படம் உயிர்த்தெழுதலைப் பற்றியது. இரண்டு பகுதிகளாக, முதல் பகுதி 2027 மார்ச் 26 பெரிய வெள்ளியன்று வெளியாகும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் அண்டை வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு அதைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் பஸ்ஸில் போகும்போதே அவர் யார், என்ன செய்தார் என்ற கதையைச் சொல்லிவிடுவது நல்லது. படம் முடிந்து திரும்பும்போது அண்டை வீட்டுக்காரர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்கலாம். செக்போஸ்ட் வருவதற்குள் இருவரும் பார்த்தது ஒரே படமா என்பது தெரிந்துவிடும்.