பெரியபிள்ளை ஆனால் ஓடக் கூடாதா?

"மௌலவி, மகளுக்குப் பதின்மூன்று வயசு. உடம்பு வைத்துக்கொண்டே போகுது. இராச்சாப்பாட்டை நிறுத்தலாமா?" என்று அண்மையில் ஒரு தாய் கேட்டார்.

"மகள் ஓடி விளையாடுவதுண்டா?" என்று கேட்டேன்.

"பெரியபிள்ளை ஆயிட்டாளே, இனி என்ன விளையாட்டு?" என்றார்.

எமது வீடுகள் பலவற்றில் நடப்பது இதுதான். பிள்ளை பருவமடைந்ததும் முட்டையும் நெய்யும் தாராளமாகக் கொடுக்கிறோம். ஓட்டத்தையோ நிறுத்திவிடுகிறோம். பின்னர் "குண்டு" என்று ஏசுகிறோம்.

சகோதரிகளே! பருவ வயதில் பெண்பிள்ளைகளின் உடலில் கொழுப்பு சற்றுக் கூடுவது அல்லாஹ் அமைத்த இயல்பு. ஆண்பிள்ளைகளுக்கு அவ்வயதில் தசையே அதிகம் வளர்கிறது. ஆகவே நானாவுடன் ஒப்பிட்டு மகளை நோகடிக்காதீர்கள். வளரும் பிள்ளையின் எடை சரியா என்பதை வயது, உயரம், ஆணா பெண்ணா என்பவற்றைக் கொண்டே கணிக்க வேண்டும். சந்தேகமிருப்பின் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாகவே பட்டினி போட்டால், எலும்பு வளர வேண்டிய வயதில் கல்சியமும் இரும்புச்சத்தும் குறைந்துவிடும்.

5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இதில் ஆண், பெண் பேதமில்லை.

மார்க்கம் தடுக்கிறதா? ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் மக்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னாளில் அன்னையவர்களுக்குச் சதை போட்டிருந்தது. அப்போதும் அவ்வாறே ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தினார்கள் (அஹ்மத்). வெட்கமும் பேணப்பட்டது, ஓட்டமும் நிற்கவில்லை.

எனவே வளவுக்குள் ஸ்கிப்பிங், பட்மின்டன், சுபஹுக்குப் பின் உம்மாவுடன் வேக நடை என்று வழி செய்து கொடுங்கள். இனிப்புப் பானங்களைக் குறையுங்கள். நம் நாட்டில் 2016இல் அறிமுகமான நிறக் குறியீட்டின்படி, சிவப்பு அடையாளமிட்ட பானத்தின் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டு. அரை லீற்றர் போத்தலில் அது ஏறக்குறைய பதினொரு தேக்கரண்டி!

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: மகளின் இராச்சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். நிறுத்திய விளையாட்டை மீண்டும் தொடங்கி வையுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக!