சிவந்த கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து?

சூடடிக்கும் காலத்தில் கண்ணில் தூசு விழுவது நமக்குப் புதிதல்ல. சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் வெட்டு மெஷின் ஓடும்போது நெற்சுணையும் வைக்கோல் துண்டும் காற்றோடு வந்து கண்ணில் படும். கசக்கிவிட்டு வேலையைத் தொடருவோம். மறுநாள் கண் சிவந்து நீர் வடியும். வீட்டில் யாரோ முன்பு பாவித்த சொட்டு மருந்துப் போத்தல் இருக்கும். இல்லையென்றால் பாமசியில் கேட்டு வாங்குவோம். இரண்டு வேளை விட்டதும் சிவப்புக் குறைகிறது, நோவும் தணிகிறது. ஆனால் அந்தப் போத்தலில் இருப்பது ஸ்டீரொய்ட் மருந்தானால், சில நாட்களில் கண்ணே போய்விடக்கூடும்.

இது எப்படி என்று பார்ப்போம். கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல, தெளிந்த படலம் ஒன்று உண்டு. அதனைக் கோர்னியா என்பர். உடலில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இரத்தக் குழாய்கள் ஓட, இங்கே அவை இல்லை. ஆகவேதான் ஒளி தடையின்றி உள்ளே போகிறது. இப்படலம் தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகப் பெறுகிறது. காயமோ கிருமியோ நீடித்தால், விளிம்பிலிருந்து மெல்லிய இரத்தக் குழாய்கள், வரம்பு தாண்டிப் படரும் புல்லைப்போல, உள்ளே வளர்கின்றன. அவை நீரையும் கொழுப்பையும் கசியவிடுவதால் படலம் மங்கும். "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று நாம் சொல்லும் தழும்போடு இக்குழாய்களும் பல வேளைகளில் சேர்ந்திருக்கும். பின்னர் வேறொருவரின் கோர்னியாவைப் பொருத்தினாலும், அக்குழாய்கள் வழியே வரும் இரத்த அணுக்கள் அதனை அந்நியப் பொருளென்று தாக்குகின்றன. 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தால் நமது நாடு பிற நாடுகளுக்கும் கோர்னியா அனுப்பி வருகிறது. எனினும் இரத்தக் குழாய் படர்ந்த கண்ணில் அது நிலைப்பது கடினம்.

இவ்வளர்ச்சியை ஸ்டீரொய்ட் அடக்கும் என்பது முயலின் கண்ணில் 1950இலேயே காட்டப்பட்டது. அழற்சியைத் தணித்து, குழாய் வளரத் தூண்டும் பொருட்களைக் குறைப்பதே அதன் வேலை. பிரெட்னிசொலோன், டெக்ஸாமெதசோன் ஆகியவை இவ்வகை. கண் வைத்தியர் பார்த்துக் கொடுக்கும்போது இவை அருமையான மருந்துகள்.

சிக்கல் நெல் வயலில் பட்ட காயத்தில்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இன் முதல் மூன்று மாதங்களில் கோர்னியாப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் விவசாயிகள். கிருமி வளர்த்துக் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் புண்ணை உண்டாக்கியது பற்றீரியா அல்ல, பங்கசு. நமது வயலும் அத்தகைய நெல்வயலே. பங்கசை எதிர்க்கும் உடலின் காவலையே ஸ்டீரொய்ட் தூங்க வைக்கிறது. சிவப்பு மறைகிறது, உள்ளே பங்கசு ஆழமாக இறங்குகிறது.

பற்றீரியாப் புண்ணுக்காவது உதவுமா? அரவிந்திலும் அமெரிக்காவிலுமாக 500 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. இரண்டு நாள் கிருமிநாசினிச் சொட்டு விட்டபின் ஸ்டீரொய்ட் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் மூன்று மாதம் சென்றும் பார்வையில் பெரிய வேறுபாடில்லை. தொடக்கத்திலேயே பார்வை மிகவும் மோசமாயிருந்தவர்களுக்குச் சற்று நன்மை தெரிந்தது. பங்கசு உள்ளவர்களை அதில் சேர்க்கவேயில்லை.

நீரிழிவில் கண்ணின் பின்புறத்தில் வளரும் குழாய்கள் வேறு கதை. அவற்றுக்கு லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் ஏற்றும் ஊசியும் உண்டு. விழித்திரை வீக்கத்துக்குச் சில வேளை ஸ்டீரொய்ட் ஊசியும் ஏற்றுவர். கடையில் வாங்கிய சொட்டு அங்கே பயன்படாது.

வைத்தியர் தந்த ஸ்டீரொய்டும் காவலோடு பாவிக்கவேண்டியதே. சிலருக்குச் சில வாரங்களிலேயே கண்ணின் அழுத்தம் கூடும். நோவு தெரியாமல் பார்வை நரம்பு கெடும். நீண்டகாலப் பாவனையால் கண்புரையும் வரும். ஆகவே கிளினிக்கில் அழுத்தம் அளக்கச் சொன்ன நாளைத் தவறவிடக்கூடாது. சொல்லாமல் மருந்தை நிறுத்தவும் கூடாது.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இங்கேதான் இடைஞ்சல். 1990இலும் 2004 சுனாமியிலும் இக்கரையில் வீட்டைவிட்டு ஓடியவர்களுக்கு அது தெரியும்: மூட்டையில் போத்தல் வந்துவிடும், கிளினிக் கொப்பி வராது. புதிய ஊரின் வைத்தியருக்கு முன்னர் விட்ட மருந்து எதுவெனத் தெரியாது. கொப்பியை அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். அது தொலைந்தால் வெறும் போத்தலையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். திறந்து ஒரு மாதமான போத்தலை எறிந்துவிடுங்கள். ஒருவருடையதை மற்றவர் விடவேண்டாம்.

கண்ணில் சுணை பட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் விடவேண்டாம். நேபாளத்தின் பக்தபூரில், கோர்னியாவில் சிராய்ப்புப் பட்டவர்களுக்குக் கிராமத் தொண்டர்கள் குளோரம்பெனிக்கோல் களிம்பை மூன்று நாள் போட்டனர். பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் ஏற்படவில்லை என்று 2001இல் எழுதினர். அந்தக் களிம்பில் ஸ்டீரொய்ட் இல்லை. கண்மருந்துகள் சிலவற்றில் கிருமிநாசினியும் டெக்ஸாமெதசோனும் ஒன்றாகக் கலந்திருக்கும், பாமசியில் வாங்கும்போது "இதில் ஸ்டீரொய்ட் இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.