காசநோய் விட்டுச் சென்ற குழியில்...



ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, குணமாகிவிட்டது என்று அனுப்பப்பட்டவர் மீண்டும் இருமுகிறார். எடை குறைகிறது, சளியில் இரத்தம் வருகிறது. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டான்" என்று ஊரும் உறவும் முடிவுகட்டிவிடுகின்றன. பல நேரங்களில் இது அநியாயமான பழி. காசநோய் திரும்பாமலேயே இப்படி நேரலாம்.

ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை இதற்குக் காரணமாகலாம். 1729-இல் இதற்குப் பெயரிட்ட இத்தாலியத் தாவரவியலார் மிக்கேலி, நுண்ணோக்கியில் இதன் வடிவம் தீர்த்தம் தெளிக்கும் கருவிபோல் இருக்கக் கண்டு, அக்கருவியின் இலத்தீன் பெயரையே தழுவிச் சூட்டினார். (ஆலயத்தில் குருக்கள் கையில் எடுக்கும் அதே கருவிதான்!) நம் டெல்டாவில் இதற்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்த வைக்கோல் போரிலும், ஈரநெல் குவிந்து கிடக்கும் களத்திலும் இது வளரும். இதன் நுண்வித்துகளை நாம் எல்லோரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை அழித்துவிடுகிறது.

எச்.ஐ.வி. இல்லாத, சர்க்கரை இல்லாத, எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ள ஒருவரையும் இது தாக்குவது எப்படி? காசநோய் ஆறும்போது நுரையீரலில் சில வேளைகளில் குழி தங்கிவிடுகிறது. அங்கே காற்று போய்வரும். நம்மைக் காக்கும் இரத்த அணுக்கள் எளிதில் போய்ச் சேரா. பூஞ்சை அதற்குள் பந்துபோல் திரள்கிறது. பிரிட்டனில் இத்தகைய குழியுள்ள 544 பேரை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்ட அறிக்கையில் 11 விழுக்காட்டினரிடம் இந்தப் பந்து இருந்தது. 1970-இன் மறு ஆய்வில் அது 17 விழுக்காடானது.

சிலருக்குக் காசநோயும் பூஞ்சையும் ஒரே நேரத்தில் இருப்பதுண்டு. அப்போது சிக்கல் பெரிது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். எதை எப்போது கொடுப்பது என்பதை நெஞ்சக மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஆகவே வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையைத் தாமாக எடுத்து விழுங்கக் கூடாது. எக்ஸ்-ரே மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லையென்றால், தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குப் பழைய சீட்டுகளுடன் சென்று, பூஞ்சைக்கான இரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். இருமலில் இரத்தம் அதிகமாக வந்தால் அன்றே போக வேண்டும்.

இந்தப் பூஞ்சை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. காசநோய் இல்லை என்று உறுதியான பிறகு, அவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைப்பதில் பொருளில்லை. வைக்கோல் போர் பிரிக்கும் வேலையை மட்டும் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.