பாலே நடனத்தின் அரிச்சுவடி

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரின் பிள்ளைகள் சிலர் பரதநாட்டியத்தோடு பாலே நடனத்தையும் பயின்று வருகின்றனர். பாலே என்றதும் விரல் நுனியில் நின்று அன்னம்போல மிதக்கும் நர்த்தகியின் தோற்றமே எம் மனக்கண்முன் எழுகின்றது. அந்நிலைக்குச் செல்லும் வழி எங்கே தொடங்குகின்றது என்பதைப் பெற்றோராகிய நாம் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. நானும் அறிந்திருக்கவில்லை.

என் மகள் எட்டு வயதிலே பாலே வகுப்பிற் சேர்ந்தாள். ஒரு தவணை முழுவதும் சுவரோரம் அமர்ந்து பார்த்திருந்தேன். முழங்காலை மடிப்பதும் நிமிர்வதும், பாதத்தை நீட்டுவதும் இழுப்பதுமே பயிற்சியாக இருந்தன. பொறுமையிழந்து, "இவள் எப்போது விரல் நுனியில் நிற்பாள்?" என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர், "நீங்கள் முன்பு என்ன தொழில் செய்தீர்கள்?" என்றார். "ஊரிலே பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தேன்" என்றேன். "எழுத்தறியாத பிள்ளைக்கு முதல் நாளே கட்டுரை எழுதக் கொடுத்தீர்களா?" என்றார். நான் நாணித் தலைகுனிந்தேன். அன்று தொடக்கம் கவனித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு தருகின்றேன்.

இத்தாலிய அரசவைகளிலே தோன்றிய பாலே, பிரான்சிலே வளர்ந்து இலக்கணம் பெற்றது. மன்னர் பதினான்காம் லூயி 1661 ஆம் ஆண்டிற் பாரிசில் நடனக் கழகம் ஒன்றை நிறுவினார். பாதங்களை வைக்கும் ஐந்து நிலைகளை வகுத்தவர் அவருடைய நடன ஆசான் பியேர் போஷாம் என்பர். இதனாலேயே உலகெங்கும் இந்நடனத்தின் கலைச்சொற்கள் பிரெஞ்சு மொழியில் வழங்குகின்றன.

முதலாம் நிலையில் குதிகள் ஒட்டியிருக்க, விரல்கள் வெளிப்புறம் நோக்கும். இரண்டாம் நிலையில் அவ்வாறே திரும்பிய பாதங்களுக்கிடையே ஏறத்தாழ ஓர் அடித்தட இடைவெளி இருக்கும். மூன்றாம் நிலையில் ஒரு பாதத்தின் குதி மற்றைய பாதத்தின் நடுவைத் தொடும். நான்காம் நிலையில் ஒரு பாதம் முன்னே, மற்றையது பின்னே இடைவெளியுடன் நிற்கும். ஐந்தாம் நிலையில் முன்பாதக் குதி பின்பாத விரல்களோடு பொருந்தும். தொடக்க மாணவருக்கு முதலிரு நிலைகளே போதுமானவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாதங்கள் வெளிப்புறம் திரும்புவது கணுக்காலினாலன்று. தொடையெலும்பு இடுப்போடு பொருந்தும் மூட்டிலிருந்தே அத்திருப்பம் பிறக்க வேண்டும். இதனை அறியாத நான், வீட்டிலே மகளின் பாதங்களைப் பிடித்து ஒரே நேர்கோடாகத் திருப்பிவிட்டேன். மறுநாள் அவள் முழங்கால் நோவென்று அழுதாள். முழங்கால் எத்திசை நோக்குகின்றதோ அத்திசையிலேயே விரல்களும் நோக்கவேண்டும். இடுப்பு அனுமதிக்கும் அளவே ஒவ்வொருவருக்கும் உரிய அளவு.

இனி அசைவுகளைப் பார்ப்போம். சுவரோரக் கைச்சட்டத்தை மெல்லத் தொட்டு நின்று பயிற்சி தொடங்கும். அதிலே தொங்குதல் ஆகாது. முதல் அசைவு பிளியே. முதுகு நிமிர்ந்திருக்க, குதிகள் நிலத்தை விட்டு எழாமல், முழங்கால்களை மெல்ல மடித்து மீண்டும் நிமிர்தல் அரைப் பிளியே ஆகும். பாய்ச்சல்கள் இதிலேயே தொடங்கி இதிலேயே முடிகின்றன. நிலத்திலே இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் வில்லும் இதுவே.

அடுத்தது தாந்தூ. பாதம் நிலத்தைத் தடவியபடி நீண்டு, விரல் நுனி மட்டும் நிலத்தைத் தொடும்வரை சென்று, அவ்வாறே திரும்பும். றெலவே என்பது குதிகளை உயர்த்தி முன்பாதத்தில் எழுந்து நிற்றல். சோத்தே என்பது பிளியேயிலிருந்து மேலே துள்ளி, மீண்டும் பிளியேயிலே மெதுவாக இறங்குதல்.

விரல் நுனியில் நிற்பதற்கான கடினச் சப்பாத்தை, சில ஆண்டுகள் பயின்று கணுக்காலும் பாதமும் உரம் பெற்ற பின்னரே, ஆசிரியர் அனுமதியுடன் அணியலாம். பொதுவாகப் பதினொரு பன்னிரண்டு வயதுக்கு முன் அது தகாது. வளரும் பாதங்களுக்கு ஊறு நேரலாம். அதுவரை மென்மையான தோல் அல்லது துணிச் சப்பாத்தே போதும்.

பரதம் பயிலும் பிள்ளைகளுக்கு இவை முற்றிலும் புதியனவல்ல. அரைமண்டியிலும் முழங்கால்கள் வெளிப்புறம் நோக்கி மடிகின்றன. அரைமண்டியிலே நிலைத்து நின்று ஆடுகின்றோம். பிளியேயோ பெரும்பாலும் அடுத்த அசைவுக்குக் கடந்து செல்லும் வழி. இரு கலைகளையும் அறிந்தவர் ருக்மிணி தேவி. ருசிய நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அவர் பாலே பயின்றார். தாய்நாட்டின் ஆடற்கலையை நாடுமாறு பாவ்லோவாவே அவரைத் தூண்டினார். பரதம் பயின்ற ருக்மிணி தேவி, 1936 ஆம் ஆண்டிற் சென்னையிலே கலாக்ஷேத்திராவை நிறுவினார்.

மாணவச் செல்வங்களே, 'அ' எழுதப் பழகிய கைதான் பின்னர் கடிதமும் கட்டுரையும் எழுதுகின்றது. அதுபோல, பிளியே பழகிய கால்தான் பின்னர் பறக்கின்றது. பெற்றோரே, பிள்ளையின் முதற் பிளியேயையும் கைதட்டி வரவேற்போம். என் மகள் இன்னும் விரல் நுனியில் நிற்கவில்லை. எப்போது என்று நானும் இப்போது கேட்பதில்லை.